ஒரே ஒரு ஆள் இருந்த மன்றம்

ப்ளெக்ஸ் மெஷினில் ஓடுகிற இங்க்குக்கு ஒரு வாடை உண்டு. பெயின்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி... எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. கல்யாணமான புதிதில் எனக்கு இருந்த பெரிய கவலையே அந்த வாடைதான்.

நான் திருச்சுழியில் ஒரு ப்ளெக்ஸ் கடையில் டிசைனர். என் மனைவி மகேஸ்வரிக்கு அங்கேயே இ-சேவை மையத்தில் வேலை. அருப்புக்கோட்டையிலிருந்து இருவரும் ஒரே பஸ், ஒரே சீட்டு. ஏறியதும் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். வெளியே பார்க்க என்ன இருக்கிறது? கருவேல மரம்தான். என்னைப் பார்ப்பதற்கு அது மேல் என்று நினைக்கிறாளோ என்னவோ...

நான் பத்து வார்த்தை பேசினால் அங்கிருந்து ஒரு "ம்" வரும். என்னைப் பிடித்துத்தான் கழுத்தை நீட்டினாளா, வீட்டில் சொன்னார்கள் என்று நீட்டினாளா? யாரிடம் போய்க் கேட்பது? ஒன்றரை மாதம் இப்படியே போனது.

அந்த நேரத்தில்தான் ஊரே பார்த்த ஓர் உளவாளிப் படத்தின் மூன்றாம் பாகம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. முதல் இரண்டு பாகத்தில் நடித்தவர் விலகிவிட்டார். டைரக்டரும் மாறுகிறார். அடுத்து யார்? டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு... எங்கே போனாலும் இதே பஞ்சாயத்து.

ஒரு நாள் முன் சீட்டில் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"ஏலே, எழுதி வச்சுக்க. தாடிக்காரருதான் அடுத்த உளவாளி." தாடிக்காரர் என்றால் அப்போது உச்சத்தில் இருந்த ஹீரோ.

"அவுக எப்படிங்க நடிக்க முடியும்?"

பேசியது மகேஸ்வரி! கர்ச்சீப்பை இறக்கிவிட்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி...

"உளவாளின்னா கூட்டத்துல நின்னா ஆளு தெரியக் கூடாதுல்ல? இவுக வந்து நின்னா நம்மாளுகளே விசிலடிச்சுக் காட்டிக் குடுத்துருவாக."

நான் மெதுவாக, "அப்ப யாரு சரியா இருப்பாக?" என்று கேட்டேன்.

அவள் சொன்னது, எல்லாப் படத்திலும் ஹீரோவுக்கு அண்ணனாக வந்து இடைவேளைக்குள் செத்துப்போகிற ஒரு நடிகரை. "இத்தன படத்துல நடிச்சும் இந்தப் பஸ்ஸுல ஏறுனா அவர நமக்கு அடையாளம் தெரியாது. அவருதான் உளவாளி." டைரக்டரையும் முடிவு செய்து வைத்திருந்தாள். ஒரு பஸ் கண்டக்டரின் ஒரு நாளை மட்டும் படமாக எடுத்தாரே, அவர்.

திருச்சுழி வந்ததே தெரியவில்லை. இறங்கும்போது கர்ச்சீப்பைப் பற்றித் தைரியமாகக் கேட்டுவிட்டேன். தூசி ஆகாதாம். அவ்வளவுதானாம். ஒன்றரை மாதமாகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

அதன் பிறகு தினமும் அதே பேச்சு. வில்லன் யார், சண்டை எந்த ஊரில், பாட்டு வேண்டுமா வேண்டாமா... கருவேல மரத்தை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

ஒரு நாள் காலை ஏதோ ஒரு சினிமா பக்கத்தில் செய்தி. அவள் சொன்ன அந்த அண்ணன் நடிகரே ஒப்பந்தமாகிவிட்டார் என்று! அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே, பெரிய ஆர்டரின் ஓரத்தில் மிஞ்சிய ஷீட்டில் ஒரு ப்ளெக்ஸ் அடித்துவிட்டேன். நடுவில் அந்த நடிகர். "புதிய உளவாளிக்கு வாழ்த்துகள்." எங்கள் பக்கத்தில் ப்ளெக்ஸ் என்றால் கீழே வரிசையாகப் பாஸ்போர்ட் போட்டோ இருந்தாக வேண்டும். நான் போட்டது ஒரே ஒரு போட்டோ. ஜாதகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்த மகேஸ்வரியின் போட்டோ. அதற்குக் கீழே, "மன்றத் தலைவி."

அவளிடம் சொல்லாமல், நாங்கள் பஸ் ஏறிய பிறகு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கட்டும்படி கடைப் பையனிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தவள் விறுவிறுவென்று ஆபீசுக்கு நடந்தாள். மத்தியானம் படக் கம்பெனியின் அறிவிப்பே வந்தது. தாடிக்காரர்!

பிறகு கேட்கவா வேண்டும்? தாடிக்காரர் ரசிகர்கள் ப்ளெக்ஸுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இ-சேவை மையத்துக்குச் சான்றிதழ் வாங்க வந்தவர்கள் எல்லாம் அவளைத் "தலைவியம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பந்தல்குடியிலிருந்து மாமனார் போன். "மாப்ளே, நம்ம பிள்ள எலெக்சன்ல எதும் நிக்கிதா?"

ஓடிப்போய் அவிழ்த்துச் சுருட்டினேன். சாயங்காலம் பஸ்ஸில் கர்ச்சீப் மறுபடியும் மூக்குக்குப் போயிருந்தது. முகம் ஜன்னலுக்கு. திறந்த கதவை நானே சாத்திவிட்டேன்.

பாதி வழி போனதும் திரும்பாமலே கேட்டாள்.

"மன்றத்துல நான் ஒரு ஆளுதானா?"

"நானும் இருக்கேன்."

"அப்ப உங்க படம் எங்க?"

பக்கத்தில் என் படத்தைப் போட்டால் நீ என்ன நினைப்பாயோ என்று பயந்தேன்... இதை எப்படிச் சொல்வது? கர்ச்சீப்புக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அவள் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது அருப்புக்கோட்டையிலேயே எங்களுக்குச் சொந்தமாகக் கடை. பஸ் பயணம் இல்லை. அடுத்த பாகத்துக்கு மறுபடியும் யார் யார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். போனைத் திறந்தால் நிமிஷத்துக்கு ஒரு ஹீரோ, ஆளுக்கொரு போஸ்டர். ஒரு வதந்தி பத்து நிமிஷம்கூடத் தாங்குவதில்லை. அன்றைக்கு ஒரே ஒரு "யாரு?" எங்களுக்கு அத்தனை பஸ் பயணத்துக்குப் போதுமானதாக இருந்தது...

நேற்று மகேஸ்வரி கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்தத் தடவ யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ப்ளெக்ஸ் போடுவோம்."

"உறுதியாகட்டும்மா."

"உறுதியானா ஊரே போடும். அதுல என்ன இருக்கு? எம்படம் அந்தப் பழசே இருக்கட்டும். பக்கத்துல உங்க படத்தையும் போடுங்க."

இன்று காலை போய் ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டேன். "எதுக்குண்ணே?" என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர்.

மன்றத்தில் சேர்வதற்கு என்று சொன்னேன்.