வில்மர் பட்டினியாக வளர்ந்த கதை

லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த வில்மர் அர்கெத்தாவைத் தெருவிலிருந்த மெக்சிகோக்காரர்கள் சால்வடோர்காரன் என்றார்கள். எல் சால்வடோரிலிருந்து வந்த மாமன்களோ வெள்ளைக்காரன் என்றார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி முடித்து, நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் இரண்டாவது பெயர் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. யாராவது ஒருத்தர் "இவன் நம்ம ஆளு" என்று சொன்னால் போதும் என்றிருந்தது அவனுக்கு. அதற்காகவே ஸ்பானிஷில் ராப் பாடக் கிளம்பினான்.

ஞாயிறு மதியம், டயர்க் கடை வாசலில் போட்ட மேடையில் ராப் போட்டியின் இறுதிச் சுற்று. எதிராளியை ஒரு நிமிடம் பாடியே கிண்டலடித்து வார வேண்டும். யாருக்குக் கூட்டம் அதிகம் கத்துகிறதோ அவருக்கு வெற்றி; ஜெயித்தவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

"டேய் பட்டதாரி, அடுத்த வரிக்கு அகராதி கொண்டாந்தியா?" என்று வாரினான் எதிராளி ரிகோ. கூட்டம் அலறியது.

வில்மர் தன் துருப்புச்சீட்டை இறக்கினான். பட்டினி கிடக்காதவனுக்கு இந்த மேடையில் மதிப்பில்லை.

"வெறுந்தட்ட நக்கி வளந்தேன், தண்ணி குடிச்சுப் படுத்தேன்..."

"என்னது?"

கூட்டத்தின் ஓரத்தில், சோள மாவில் சீஸ் வைத்துப் புபுசா சுட்டு விற்றுக்கொண்டிருந்த அவன் அம்மா டெல்மி, மாவுக் கையோடு மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"யாருடா பட்டினி? திங்கள் பீன்ஸு, செவ்வாய் கோழி! எட்டு வயசுல டாக்டர் என்ன சொன்னாரு? 'இவனுக்குத் தீனியக் கொறைங்கம்மா'ன்னாரா இல்லையா?"

டிஜே பழக்கதோஷத்தில் தாளத்தைப் போட்டுவிட்டான். அவளும் தாளம் தப்பாமல் திட்டினாள். ரிகோவுக்கும் நடுவர் தாவோவுக்கும் ஆதாரமாக ஆளுக்கொரு புபுசா கொடுத்தாள்.

"கடிச்சுட்டுச் சொல்லுங்கப்பா. இது பட்டினி போட்ட கையா?"

"சத்தியமா இல்லக்கா," என்றான் ரிகோ, வாய் நிறைய.

தாவோ தொண்டையைச் செருமினார். "சட்டம்னா சட்டம். யாரு வாரினாலும் பதில் சொல்லணும். வில்மர், ஒரு நிமிஷம்."

பட்டினியும் போய்விட்டால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது? வில்மருக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தான்.

"பொய்தான்! மூணு தின்னுட்டு நாலாவது கேட்டேன். தெறிச்ச சட்டப் பட்டனத் தெச்சதும் எங்கம்மாதான்..."

பாதி ஆங்கிலம், பாதி ஸ்பானிஷ். எதையும் திருத்த அவன் நிற்கவில்லை. கூட்டம் இதுவரை அவனுக்காக இப்படிக் கத்தியதில்லை.

டெல்மிக்கு இன்னும் அதிகமாகக் கத்தியது. தாவோ அவளுடைய மாவுக் கையை உயர்த்திப் பிடித்தார்.

"சொந்த அம்மாகிட்டயே தோத்துட்டியேடா," என்று ரிகோ அவன் தோளில் கைபோட்டான். "சந்தேகமே இல்ல, நீ நம்ம ஆளு."

வில்மருக்குக் கண் கலங்கியது.

"ஏன்டா நிக்கிற?" என்றாள் டெல்மி. "மாநிலப் போட்டிக்கு என்னோட வரணும். புபுசாக் கல்ல யாரு தூக்குறது?"