விலை இறங்கினால் வேகத்தை இறக்கு

சரோஜாம்மா டிரெட்மில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, அவர் பெயருக்கு நேரே ‘ஏழு’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு என்றால் சிரமமே இல்லை என்று அர்த்தம்.

நான் அடையாறில் ஒரு மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். சரோஜாம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். இதயம் தாளம் தப்பித் துடிக்கும் ‘ஏ.எஃப்.’ அவருக்கு. இவர்களுக்கு நாடியை மட்டும் எண்ணி வேகம் வைத்தால் சரிவராது. அதனால் முதல் சில நாள் மானிட்டர் மாட்டுவோம். பிறகு அதைக் கழற்றிவிட்டு, “எவ்வளவு கஷ்டமா இருக்கு?” என்று கேட்போம். ஆறிலிருந்து இருபதுக்குள் அவர்களே ஓர் எண் சொல்ல வேண்டும். சரோஜாம்மா தினமும் ஆறு, மிஞ்சினால் ஏழு. நானும் அசடு மாதிரி வேகத்தை ஏற்றிக்கொண்டே போனேன்.

அன்று உட்காரவைத்து மானிட்டரை மாட்டினால் துடிப்பு நூற்றறுபது. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். துடிப்பு இறங்கி, டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு கேட்டேன்.

“இவ்ளோ மூச்சு வாங்குது, ஏன்மா ஏழுன்னு சொன்னீங்க?”

“கஷ்டமா கீதுன்னு சொன்னா நீ டாக்டராண்ட சொல்லுவ. அவரு என் புள்ளையாண்ட சொல்லுவாரு. அவன் கடைய வேற ஆளுக்கு வுட்றலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், நைனா. அப்பால நான் ஊட்ல சொவத்தப் பாத்துக்கினு குந்தினு இருக்கணும்.”

நான் கேட்டதைப் பரீட்சை என்று நினைத்து, பாஸாகிற மார்க்கைச் சொல்லியிருக்கிறார். கோபம் வந்தது. அவர்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய.

டாக்டர் மறுபடி அனுமதித்ததும், வேகத்தைப் பாதியாக்கி, மானிட்டரோடு ஆரம்பித்தேன். பேசவிட்டு மூச்சைப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். பெயர், விலாசம் சொல்லச் சொல்வோம். நான், “வஞ்சிரம் என்ன விலைம்மா?” என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு விலை சொன்னார். பாதிக்குக் கேட்டேன்.

“வந்துட்டாரு. போய்க் கருவாடு வாங்கு, போ.”

பத்து நிமிஷம் என் மானம் கப்பலேறியது. ஹாலே சிரித்தது. வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். இரண்டே நிமிஷத்தில், “சரி, எட்த்துக்கினு போ” என்றார். மானிட்டரில் துடிப்பு எகிறத் தொடங்கியிருந்தது. விலையை விட்டுக்கொடுத்தால் அவருக்கு மூச்சு போதவில்லை என்று அர்த்தம்; எனக்குப் புரிந்துவிட்டது.

அதுவே எங்கள் அளவுகோலாகிவிட்டது. பக்கத்து சைக்கிளில் மிதித்த மயிலாப்பூர் மாமா சுத்த சைவம். அவரும் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிப் பார்த்துத் தோற்றார்.

இரண்டு மாதம் கழித்து, டாக்டர் முன்னிலையில் கடைசி டெஸ்ட். மகன் முருகனையும் வரச் சொல்லியிருந்தேன். பேரத்தை முருகனிடமே விட்டேன்.

“கொஞ்சம் கொறச்சுக்கோம்மா.”

“ஒத்த ரூவா கொறைக்க மாட்டேன்” என்றார் சரோஜாம்மா, நடையை நிறுத்தாமல். “கடையயும் தர மாட்டேன்.”

மானிட்டரில் துடிப்பு எல்லையைத் தாண்டவில்லை. கூடை மட்டும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். முருகன் தலையைச் சொறிந்துகொண்டு, “கூடைய நான் தூக்கினு வரேன் சார்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இளைய பிசியோக்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி சொல்லும் எண்ணை எழுதிக்கொள்ளும் முன், உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன பறிபோகும் என்று கேட்டுவிடுங்கள்.