நானே கையசைத்து அனுப்பிய ரயில்

போட்டி இதுதான்: ஒரே நாளில் அதிக ஸ்டேசன் பெயர்ப்பலகைகளைப் படமெடுக்கும் குழுவுக்கே வெற்றி. ரயிலைத் தவிர வேறு எதில் ஏறினாலும் தோல்வி. ரயில் பைத்தியங்களான நாங்கள் மூவரும் திருகோணமலையில் ஏறினோம்.

சீனக்குடாவில் நான் இறங்கிப் பலகையைப் படமெடுத்துத் திரும்ப, ஹோர்ன் அடித்தது. புறப்படும் ரயிலைக் கண்டால் என் கை சும்மா இராது; வீடியோ எடுக்கத் தொடங்கினேன். நண்பர்கள் ஜன்னலில் தொங்கியபடி கைகளை வீசிக்கொண்டு போனார்கள். என் வீடியோவுக்காக எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று நெகிழ்ந்து நானும் கையசைத்தேன்.

கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் உறைத்தது.

மோட்டார் சைக்கிளோடு நின்ற மீன் வியாபாரி ஒருவர் கேட்டார். "தம்பி, அது நீங்கள் வந்த ரயிலெல்லோ?"

"ஓம் அண்ணை."

"பிறகென்னத்துக்குக் கை காட்டினனீங்கள்?"

நான் போனைத் தூக்கிக் காட்டினேன். அவர் பின் சீட்டைத் தட்டினார்.

"ஏறுங்கோ, அடுத்த ஸ்டேசன் தம்பலகாமத்தில பிடிக்கலாம்."

"உங்கட மீன் வியாபாரம்?"

"மீன் எங்க ஓடப்போகுது? ரயில்தான் ஓடுது."

ரயிலைப் பிடித்தோம், போட்டியில் தோற்றோம். மீன் மணத்துக்குப் பயந்து நண்பர்கள் என்னைக் கதவோரம் நிறுத்தினார்கள். அங்கே நின்றபடி வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். "ஏறடா! ஏறடா!" என்ற கத்தல் தெளிவாகக் கேட்டது.

அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இப்போதெல்லாம் ரயிலிலிருந்து யார் கையசைத்தாலும், அது நான் வந்த ரயிலா என்று பார்த்துவிட்டுத்தான் பதிலுக்குக் கையசைக்கிறேன்.