ரெஜினா எழுதாத உயில்

மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ரெஜினாவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், மனுசி போயிட்டா," என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அப்படி என்ன அவசரம் என்று ரெஜினாவோடு சண்டை பிடிக்கவேண்டும் போலிருந்தது.

பேசாலைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வரலாறு படிப்பித்தவர் என்று உங்களில் பலருக்கு ரெஜினாவைத் தெரியும். கருவாட்டு முதலாளியின் மனைவி என்று இன்னும் பலருக்குத் தெரியும். நானூறு வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்தில் வியாபாரிகளின் மனைவிமார் என்னென்ன புத்தகங்கள் வைத்திருந்தார்கள் என்று அவர் ஆராய்ந்தது அநேகமாக எனக்கு மட்டும்தான் தெரியும். இது என்ன விசர் வேலை என்று கேட்டேன். "அவையளும் என்னை மாதிரி யாவாரக் குடும்பத்துப் பொம்பிளையள்தானே. வீடு முட்டச் சாமான். அதுக்குள்ள தங்கட எண்டு எதை வைச்சிருந்தவை எண்டு பாக்க ஆசை," என்றார்.

எந்தப் புத்தகம் யாருக்கு என்று அந்தப் பெண்கள் எழுதிவைத்த உயில்களை லண்டனுக்குப் போய் நேரில் பார்க்க ஒருமுறை வாய்ப்பு வந்தது. கணவர் மறுக்கவில்லை. நல்ல மனிதர், அதுதான் கரைச்சல். கருவாட்டுச் சீசன் முடியட்டும் என்றார். சீசன் முடிய மாமியாருக்குச் சுகமில்லை. மாமியார் தேற மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை. சத்தம் போட்டுத் தடுத்திருந்தால் எதிர்த்தாவது நின்றிருக்கலாம். கடைசியில் கருவாடு கட்டும் ஆட்களுக்குச் சோறு வடித்துவிட்டு, குசினியில் இருந்தபடியே, கைத்தொலைபேசியில் உயில்களின் படங்களை விரலால் பெருப்பித்து வாசித்தார்.

ஒருநாள் தான் கண்டுபிடித்ததைச் சொன்னார். புருஷன் இருக்கும்வரை அந்தப் பெண்களின் புத்தகமும் சட்டப்படி புருஷனுடையதாம். அவர் சம்மதிக்காமல் உயில் எழுத முடியாதாம். விதவையானபிறகுதான் இது மகளுக்கு, அது சிநேகிதிக்கு என்று எழுதலாமாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, "நான் முந்திப் போனால் என்ர புத்தகங்களும் முதலாளி வீட்டுச் சாமான்தான்," என்றார். இது அந்தக் காலமில்லை, எழுதி வையுங்கோ என்றேன்.

"எழுதலாம். எழுதினால் அந்த மனுசன் உடைஞ்சு போயிடுவார். அதாலதான் ஏலாமக் கிடக்கு."

நோய் வந்த பிறகும் எழுதவில்லை. நானும் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் கணவர் புத்தகங்களைக் கோயில் வாசிகசாலைக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் "அன்பளிப்பு" என்று முத்திரை, அதன் கீழே அவருடைய கடையின் பெயர். ரெஜினாவின் பெயர் ஒன்றிலும் இல்லை. கணவர் கண் கலங்கியபடி அடுக்கிக்கொண்டிருந்தார். மனதில் துளி வஞ்சகம் இல்லை.

"டீச்சர், அவவின்ர ஒரு புத்தகம் உங்களிட்டக் கிடக்காம். கொண்டுவாங்கோ, அதுக்கும் சீல் அடிச்சு வைப்பம்," என்றார்.

நான் இரவல் வாங்கிய புத்தகம்தான் அது.

"அது இரவல் இல்லை அண்ணை. ரெஜினா எனக்கு எழுதி வைச்சது," என்றேன்.

எப்போது எழுதினார் என்று அவர் கேட்கவில்லை. பூசை கண்டுவிட்டு வந்த வாயால் சொன்ன பொய். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தில் என் கையால் ரெஜினாவின் பெயரை எழுதினேன். அவர் விட்டுப்போனவற்றில் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இதைக் கொடுக்கமாட்டேன்.