லேடி குமுதினியின் ஒரு சதுர அடி

குமுதினியின் கணவர் விஜயரத்தினம் உயிரோடு இருந்தபோது இன்டர்நெட்டில் ஸ்கொட்லாந்துக் காணி ஒரு சதுர அடி வாங்கினார். கூடவே, ‘லோர்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சான்றிதழும் வந்தது. அது வெறும் விளையாட்டுக் கடதாசி என்று மகன் மிதுலன் அன்றைக்கே சொன்னான். அவர் காதில் விழவில்லை. கோயில் திருவிழா நோட்டீசில் ஆறாம் நாள் உபயம் ‘லோர்ட் விஜயரத்தினம், லேடி குமுதினி’ என்று எட்டு வருடம் அச்சானது. அந்தக் காணியை இருவரும் கண்ணாலும் கண்டதில்லை.

அவர் போய் ஆண்டுத் திவசமும் முடிந்த பிறகு, நோட்டீஸ் பொறுப்பாளர் சண்முகராசா போன் எடுத்தார். இந்த நாட்டு வெள்ளைக்காரப் பிரபு வீடுகளில் மகன் பட்டத்துக்கு வந்தால் மருமகள்தான் லேடியாம்; விதவைத் தாய்க்குப் பேருக்கு முன்னால் ஒரு ‘முதிய’ சேர்ந்துவிடுமாம். அப்படியே போடட்டோ என்று பணிவாகக் கேட்டார்.

குமுதினி அறுபத்திரண்டு வயதிலும் மாதம் தவறாமல் தலைக்கு டை அடிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மகனையும் மருமகள் துஷ்யாவையும் விம்பிள்டன் வீட்டுக்குக் கூப்பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறியை நடுவில் வைத்துவிட்டு, வழக்கைத் தொடங்கினாள்.

“கலியாணத்துக்குப் பிறகு தேடின தேட்டத்திலை பாதி பெண்சாதிக்கு. அதுதான் எங்கடை தேசவழமை. எங்கடை கடையிலை இருவத்திரண்டு வருசம் கவுண்டரிலை நிண்டது நான். சாமான் வாங்க வந்த வெள்ளையள் எல்லாம் ‘லவ்’ எண்டுதான் கூப்பிட்டதுகள். லேடி எண்டது அந்த நோட்டீஸ் ஒண்டுதான்.”

துஷ்யாவோ வீடு, காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் சொலிசிட்டர். தனக்கு அந்தப் பட்டம் வேண்டவே வேண்டாம், முழுக் காணியையும் மாமியே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். குமுதினிக்கு முகம் கறுத்தது. தானம் வாங்கவா அவள் கறி சமைத்தாள்?

“எனக்கு என்ரை பாதி காணும், முழுசு வேண்டாம்.”

மிதுலன் பழைய பேப்பரை ஒரு அடிச் சதுரமாக வெட்டி நடுவில் மடித்தான். சான்றிதழோடு வந்த வரைபடத்தில் ஓடை காட்டியிருந்த பக்கத்துப் பின் பாதியைக் குமுதினி எடுத்துக்கொண்டாள். எடுத்த பிறகுதான் யோசனை வந்தது.

“பாதை எங்கை?”

“அம்மா, அது ஒரு கால் வைக்கிற இடம்.”

“அந்தக் காலை வைக்கத்தான் பாதை கேக்கிறன்.”

இதைக் கேட்டதும் துஷ்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாதைச் சண்டை அவளுக்குத் தினப்படி வேலை. இரண்டு அங்குலம் தரலாம், ஆனால் வாகனம் விடக்கூடாது என்றாள். மூன்று என்றாள் குமுதினி. இரண்டரையில் நின்றார்கள். பிறகு வேலி வந்தது.

“என்ரை பக்கத்திலை வேலி போட விடமாட்டன், மாமி.”

“உம்மடை பக்கத்தை நீர் பாரும், பிள்ளை.”

கறி ஆறிப்போனது. லோர்ட் மிதுலன் எழுந்து பாத்திரம் கழுவப் போனார்.

மறுநாள் குமுதினி சண்முகராசாவைக் கூப்பிட்டு, ‘லேடி குமுதினி, லேடி துஷ்யா’ என்று போடச் சொன்னாள். லோர்டை எங்கே போடுவது என்று அவர் கேட்டார்.

“இடம் மிஞ்சினால் கீழை போடுங்கோ, அண்ணை.”