டாக்டரம்மா தூங்கிய வண்டி

என் அக்கா புருஷன் கார் டிரைவர். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியோடு காத்துக்கிடக்கும் மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. என் அக்கா வைத்த பெயர் அதைவிடப் பொருத்தம், ஆனால் எழுதுகிற மாதிரி இருக்காது.

ஸ்டீயரிங்கில் கை பட்டால் போதும், மச்சானுக்கு வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடும். சத்தமாக அல்ல. உதடு அசையாமல், அடித்தொண்டையில், ஒரே சுருதியில்.

"இண்டிகேட்டர் போட்டா கை தேஞ்சிடுமா ராஜா? வாங்க வாங்க, உங்க தாத்தா போட்ட ரோடுதானே. அம்மா தாயே, நீங்க போன் பேசி முடிச்சிட்டு மெதுவா நகருங்க, நாங்க இங்கயே குடித்தனம் நடத்திக்கிறோம்."

இப்படியே போகும். முன் சீட்டில் உட்கார்ந்து காதை நீட்டினால்தான் வார்த்தை பிடிபடும்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவர். பிறகு அதே லாரிக்கு டிரைவர். நூற்றுக்கணக்கான மைல் தனியாக ஓட்டும்போது கண் சொருகாமல் இருக்கத் தனக்குத் தானே பேசப் பழகினார். லாரியை விட்டு அவர் இறங்கிவிட்டார், பேச்சு இறங்கவில்லை.

இறங்கியதிலிருந்து பத்தொன்பது வருஷமாக ஒரே இடத்தில் வேலை. முதலாளி ஒரு எலும்பு டாக்டரம்மா. மூன்று ஆஸ்பத்திரி, ஓயாத ஆபரேஷன். அந்த அம்மாவுக்கு வீட்டுக் கட்டிலில் தூக்கம் வராது. புரண்டு புரண்டு படுத்துவிட்டுக் காலையில் சிவந்த கண்ணோடு வண்டியில் ஏறுவார். ஏறினால் இரண்டாவது சிக்னல் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். முக்கால் மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கி எழுந்துதான் கத்தியைக் கையில் எடுப்பார்.

"ஊர்ல பாதிப் பேர் நிமிர்ந்து நடக்கிறாங்கன்னா அதுக்கு நான் பிரேக் போடற அழகுதான் காரணம் மாப்ளே" என்று மச்சான் என் டயர் கடையில் உட்கார்ந்து அளப்பார். அளக்கட்டும் என்று விட்டுவிடுவேன். முழுப் பொய்யும் இல்லையே.

பழைய வண்டி தளர்ந்துபோனது. புதிதாக வாங்குவது என்று முடிவானதும் அந்த வீட்டில் சண்டை ஆரம்பித்தது. டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் ரிட்டயர்டு இன்ஜினியர், பெட்ரோல் கட்சி. மகள் மின்சாரக் கட்சி. பார்த்து வைத்த இரண்டுமே பெரிய மனுஷர் வண்டி. பின் சீட்டு ஒவ்வொன்றும் என் வீட்டுக் கூடத்துக்குப் போட்டி. இரண்டு வாரம் சாப்பாட்டு மேஜையில் சண்டை ஓய்ந்தபாடில்லை. கடைசியில் டாக்டரம்மாவே தீர்ப்புச் சொன்னார்.

"எனக்கு வண்டி தூங்கறதுக்குத்தான். எதுல தூக்கம் வருதோ அதை வாங்குவோம். ரெண்டையும் நம்ம டிரைவர் ஓட்டட்டும்."

கம்பெனிக்காரர்கள் ஆளுக்கு ஒரு வண்டி அனுப்பினார்கள். திங்கள், செவ்வாய் பெட்ரோல். டாக்டரம்மா வழக்கம்போல இரண்டாவது சிக்னலில் அவுட். புதன், வியாழன் மின்சாரம். இரண்டு நாளும் பொட்டுத் தூக்கம் இல்லை. சன்னல் வழியாக வேடிக்கை பார்த்தபடி வந்தாராம். வியாழக்கிழமை மத்தியானம் ஆபரேஷனுக்கு நடுவில் உட்கார நாற்காலி கேட்டாராம். அவர் அப்படிக் கேட்டதே கிடையாது.

"நான் அப்பவே சொன்னேன், சத்தமே இல்லாத வண்டியில மனுஷன் எப்படித் தூங்குவான்?" என்று வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். சனிக்கிழமை பெட்ரோல் வண்டிக்குப் பணம் கட்டுவது என்று ஆனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் கடைக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் நான் கழற்றுகிற டயரைப் பார்த்து ஏதாவது நொட்டை சொல்வார். அன்று ஒரு டயர்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், ரேடியோவுக்குக் கரண்டு போயிடுச்சா?"

"அவங்க தூங்காததுக்கு அந்த வண்டி காரணமில்ல மாப்ளே. நான்தான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. அதான் விஷயம். வாயைத் திறக்கல."

பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பிவிட்டதா என்றே தெரியவில்லையாம். அவ்வளவு அமைதி. டாக்டரம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பது கேட்கிறது, இவர் எச்சில் விழுங்குவது இவருக்கே கேட்கிறது. இதில் வாயைத் திறந்தால் அவ்வளவுதான் என்று பயந்து, இரண்டு நாளும் வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

"அப்ப, பேச்சு இல்லாததாலதான் தூக்கம் வரலன்னு சொல்றீங்களா?"

"பழைய வண்டியிலயும் என்னைக்காவது எனக்குத் தொண்டை கட்டினா அவங்களுக்குத் தூக்கம் கெட்டுடும் மாப்ளே. வானிலைதான் காரணம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் உறைக்குது."

"சரி, பெட்ரோலே வாங்கட்டும். உங்களுக்கு என்ன நஷ்டம்? உங்க வாய்க்கு மூடாக்கா ஒரு இன்ஜின் இருக்கும்."

"கரண்டு வண்டிதான்யா நல்லா இருக்கு!" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "முதல் நாள் ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்ததும் வண்டி தானா நின்னு, ரெண்டு தடவை அவங்க தலையை ஆட்ட வெச்சிட்டேன். ஒத்துக்கறேன். மறுநாள் கால்ல பிடிபட்டுடுச்சு. அப்புறம் ஒரு உதறல் கிடையாது, வெண்ணெய்யில கத்தி இறங்கற மாதிரி போகுது. பெட்ரோல் பங்குல நிறுத்தி நல்லாத் தூங்கிட்டிருக்கிறவங்களை எழுப்பற வேலையும் இல்ல. ஆனா அதைச் சொல்லணும்னா, பத்தொன்பது வருஷமா உங்களை உட்கார வெச்சுக்கிட்டு ஊரையே திட்டினேன்னும் சொல்லணும். ஊரை மட்டுமா? அவங்க வீட்டுக்காரர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற லட்சணத்தைப் பத்தி நான் பேசாத நாளே கிடையாது. ஐம்பத்தாறு வயசுல வெளியே அனுப்பிட்டா எனக்கு யார் வேலை குடுப்பா?"

நான் யோசித்துப் பார்த்தேன். மின்சார வண்டி கனம் அதிகம், டயர் சீக்கிரம் தேயும். எனக்கு அதுதான் பிழைப்பு. ஆனாலும் சொன்னேன்: "பேசாம இருந்துடுங்க மச்சான். வேலைதான் முக்கியம்."

"பேசாம இருந்துதான் இந்தக் கதி" என்று எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை காலை நடந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர் காசோலையில் பேனாவை வைத்துவிட்டார். மச்சான் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ரிவர்ஸ் விஷயம் உள்பட.

பிறகு டாக்டரம்மா மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"அப்போ அந்த 'ம்ம்ம்'னு வர்ற சத்தம் நீங்களா?"

"ஆமாங்கம்மா."

"நான் அதை இன்ஜின் சத்தம்னு நினைச்சேன்! சர்வீஸுக்கு விடறப்பல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, வண்டியில ஒரு சத்தம் வருது, அதை மட்டும் சரி பண்ணிடாதீங்கன்னு கெஞ்சியிருக்கேன். அந்த ஆளு என்னை ஒரு மாதிரியாப் பார்ப்பாரு."

மகள் சோபாவில் சரிந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "என் ரிவர்ஸுக்கு என்ன குறைச்சல்?" என்றார்.

மின்சார வண்டி இன்னும் வாசலில்தான் நின்றது. மத்தியானம்தான் திருப்பி எடுத்துப்போக வருவார்கள். டாக்டரம்மா எல்லோரையும் கிளப்பினார். முன் சீட்டில் வீட்டுக்காரர், பின்னால் தாயும் மகளும்.

"வழக்கம்போலப் பேசிக்கிட்டே ஓட்டுங்க" என்று உத்தரவு.

பேசு என்று சொன்னால் பேச்சு வருமா? முதல் சிக்னல்வரை மச்சானுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் வேறு பரீட்சை ஹாலில் நிற்கிற வாத்தியார் மாதிரி முறைத்துக்கொண்டு வந்தார். சிக்னல் தாண்டியதும் ஸ்கூட்டர்காரன் ஒருவன், பின்னால் ஒரு மெத்தையையே கட்டிக்கொண்டு, சந்திலிருந்து சர்ரென்று குறுக்கே வந்தான்.

"வாங்க மாப்பிள்ளை, மெத்தையோடவே கிளம்பிட்டீங்களா? நடுரோட்டுல விரிச்சுடுங்க, நாங்க சுத்திப் போய்க்கிறோம். தலைகாணி மறந்துட்டீங்களே..."

பிறகு அணை உடைந்த மாதிரிதான். பேருந்துக்கு ஒரு வசை, லாரிக்கு ஒரு வசை, ரோட்டைத் தோண்டிப் போட்டவனுக்கு மூன்று. வீட்டுக்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கி அவர் திரும்பிப் பார்த்தபோது மகள் உதட்டில் விரல் வைத்திருந்தாள். டாக்டரம்மா வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே மின்சார வண்டிக்குப் பணம் கட்டினார்கள். வீட்டுக்காரர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். ரிவர்ஸ் பற்றி எதுவாக இருந்தாலும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். மச்சானும் தட்டாமல் சொல்லிவருகிறார். ரிவர்ஸ் கொஞ்சம் தேறியிருக்கிறதாம்.

போன வாரம் வண்டி காற்றடிக்க என் கடைக்கு வந்தது. கண்ணாடியை இறக்கிய மச்சான், பின் சீட்டைக் கண்ணால் காட்டினார். டாக்டரம்மா நல்ல தூக்கம். நான் சத்தமில்லாமல் குனிந்து வேலையை ஆரம்பித்தேன். தலைக்குமேல் அடித்தொண்டையில் ஆரம்பித்தது.

"இந்தா குனிஞ்சுட்டாரு துரை. ஒரு டயருக்குக் காத்தடிக்க ஒரு யுகம். வால்வு மூடியைத் தொலைச்சுட்டுத் தேடுவாரு பாருங்க, அது அவர் சட்டைப் பையிலதான் இருக்கும். இவரோட அக்காவைக் கட்டின பாவத்துக்கு..."

மூடி சட்டைப் பையில்தான் இருந்தது. பதிலுக்கு நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று நிமிர்ந்தேன். மச்சான் சிரித்துக்கொண்டே மறுபடி பின் சீட்டைக் காட்டினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த டயருக்கு நகர்ந்தேன். இன்னும் மூன்று பாக்கி இருந்தது.