பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள்

மாமா வேலைக்குப் போயிருந்த ஜப்பான் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் வெயில் போய்விடும். இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு நிற்பதால், சூரியன் ஒரு மலைக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். மதுரை ஆனையூரில் இருந்த எங்களுக்கு இது பெரிய சலுகையாகப் பட்டது. எங்களுக்குத் தெரிந்த மலை யானைமலை. அது ஒருநாளும் எங்களுக்காக வெயிலை மறைத்ததில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சோழவந்தானில் அவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. பெற்றவர்கள் இருவரும் சீக்கிரம் போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணமாகி மதுரைக்கு வந்தபோது சீர்வரிசையோடு தம்பியையும் கூட்டி வந்தாள் என்று அப்பா கேலி செய்வார். கொடிக்காலில் இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மாமா சென்னைக்குப் போய் ஜப்பான் பாஷை படித்தார். ஜப்பானில் ஒரு மலைச்சரிவில் தேயிலை பறிக்கும் வேலை கிடைத்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை, கறிக் குழம்பு கொதிக்கும் நேரத்தில் வீடியோ கால் வரும். அந்த ஊரின் பூகோளத்தை நான் அப்படித்தான் படித்தேன். அடியில் பச்சை நிறத்தில் ஒரு ஆறு. ஆற்றை ஒட்டி ஒரே ஒரு ரோடு. அதற்கு மேலே படிப்படியாக வீடுகள், வீடுகளுக்கு மேலே தோட்டம், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பாக நிற்கும் காடு. பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் ஏற வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். சமதரை என்று ஒன்று இருந்தது பள்ளிக்கூடத்து மைதானத்தில் மட்டும்தான் என்று மாமா சொல்வார்.

சரித்திரமும் அவரே சொன்னார். ஒரு காலத்தில் அந்த ஊரில் மரத்துக்கு நல்ல விலையாம். விளைநிலத்தில்கூட மரக்கன்று நட்டார்களாம். மரம் ஏற்றிப் போக ரோடு வந்ததாம். பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகளாம். அதோடு நிறுத்திக்கொள்வார். பிற்பாடு வெளிநாட்டு மரம் மலிவாக வந்ததையும், மரம் போவதற்குப் போட்ட ரோட்டிலேயே பிள்ளைகள் எல்லாம் பட்டணத்துக்குப் போய்விட்டதையும், நட்ட மரம் வெட்ட ஆளில்லாமல் வளர்ந்து ஊரையே இருட்டாக்கியதையும் நான் வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்குப் பூகோளமும் வேண்டாம், சரித்திரமும் வேண்டாம். "பேச்சுத் துணைக்கு ஆளு இருக்காகளாடா?" என்பது மட்டும்தான் அவள் கேள்வி.

"நெறைய இருக்காகக்கா. இந்தா பாரு" என்று மாமா போனைத் திருப்புவார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப். தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். தலையில் பூப்போட்ட துணி கட்டிய பாட்டி, தொப்பி போட்ட தாத்தா, பை மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். தள்ளி ஒருவர் ஆற்றைப் பார்த்து மீன் பிடித்துக்கொண்டிருப்பார். கிட்டே போய்ப் படம் பிடித்தால் அவர்களுக்குப் பிடிக்காது என்று மாமா தூரத்திலிருந்தே காட்டுவார்.

யாரும் அசைய மாட்டார்கள். நான் அதைத்தான் வியந்தேன். எங்கள் ஊரில் மேலூர் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். ஜப்பான்காரர்கள் பொறுமைசாலிகள் என்று டீச்சர் வேறு சொல்லியிருந்தார். அந்த ஊரில் அசைந்தவர் நீலக் கால்சட்டை போட்ட ஒரு வயதான அம்மா மட்டும்தான். மாமாவின் முதலாளியம்மா. அடிக்கடி குறுக்கே வந்து, பெஞ்சில் இருப்பவரின் தொப்பியைச் சரி செய்துவிட்டுப் போவார். அவருக்கு மட்டும் ஒழுங்கு போதாது என்று நினைத்தேன்.

அம்மா கண்ணாடியைத் தேட மாட்டாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சாப்டாகளா, கேளுடா" என்பாள். "சாப்டாகளாம்க்கா" என்று மாமா பதில் சொல்வார்.

ஒரு வருடம் இப்படியே போனது. அப்புறம் என் குட்டித் தம்பிக்குக் காது குத்துகிற பேச்சு வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் அந்த மலையில் இருந்தார். வேறு யாராவது பங்காளி மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று அப்பாவோடு பிறந்த அத்தை யோசனை சொன்னாள். அம்மா அன்றைக்கு முழுவதும் அத்தையோடு பேசவில்லை.

"லீவு கெடைக்காதுக்கா" என்றார் மாமா. "நான் வந்துட்டா தோட்டத்தப் பாக்க ஆளில்ல."

"அம்புட்டுப் பேரு பஸ் ஸ்டாப்புல சும்மாதான உக்காந்திருக்காக? ஒருத்தரப் பாத்துக்கிறச் சொல்லு."

மாமா போனைப் பஸ் ஸ்டாப் பக்கம் திருப்பினார். அந்த நேரம் பார்த்து அங்கே பெரிய காற்று ஒன்று அடித்தது. பெஞ்சில் இருந்த பாட்டி அப்படியே முன்னால் சரிந்து ரோட்டில் விழுந்தார். தலைத்துணி பறந்தது. மாமா போனைக் கையில் பிடித்தபடியே ஓடி, பாட்டியை ஒரே கையால் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். கழுத்து வழியாக வைக்கோல் கொட்டியது. முகம் வெள்ளைத் துணி, கண் இரண்டும் சட்டைப் பித்தான். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பாவம், வயசானவுக. அடி எதும் படலயேடா?"

"இல்லக்கா" என்றார் மாமா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அம்மா உள்ளே போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து எடுத்து வந்தாள். எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்குத் தாய்மாமனுக்குத்தான் முதல் பாக்கு. தாம்பாளத்தைப் போனுக்கு நேரே நீட்டி முறைப்படி அழைத்தாள். பிறகு போனைத் திருப்பச் சொல்லி, பெஞ்சில் மிச்சம் இருந்தவர்களையும் மீன் பிடிப்பவரையும் அழைத்தாள். "எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க" என்றாள். அப்பா சிரிப்பை அடக்கமாட்டாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். எனக்கு அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது.

கால் முடிந்ததும், "அது பொம்மைம்மா" என்றேன்.

"தெரியும்டி. எனக்குத் தெரியும்னு அவன்ட்ட சொல்லிராத" என்று சொல்லிவிட்டு அம்மா குழம்பை இறக்கப் போனாள்.

எப்படியோ லீவு கிடைத்து மாமா வந்தார். மெலிந்திருந்தார். சோழவந்தான் பக்கத்துக் குலசாமி கோயிலில், என் தம்பி மாமாவின் மடியில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி அழுதான். அத்தை சமையல் பந்தலில் வைத்து, அங்கே ஆள் நடமாட்டம் எப்படி என்று மாமாவிடம் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "எம்புட்டுப் பேரு! எல்லாரும் எனக்கே நல்லாப் பழக்கம்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் மாமா என்னிடம் ரகசியம் சொன்னார். ஊரில் யாராவது செத்துப்போனாலோ, ஊரை விட்டுப் போனாலோ, முதலாளியம்மா அவர்கள் ஜாடையில் ஒரு பொம்மை செய்து, அவர்கள் வழக்கமாக இருக்கிற இடத்தில் வைத்துவிடுவாராம். விட்டுப்போன துணிமணியையே உடுத்திவிடுவாராம். வைக்கோலைத் திணித்துக் கட்டுவதற்கு மாமாவும் கூடமாட ஒத்தாசை செய்வாராம். இப்போது ஊரில் ஆளைவிடப் பொம்மைதான் அதிகமாம்.

"அக்காட்ட சொல்லிராத பாப்பா. வருத்தப்படும்."

நான் தலையாட்டினேன். ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்ள இருவருக்குமே நான் தேவைப்பட்டதில் எனக்குப் பெருமைதான்.

லீவு முடிந்து மாமா திரும்பிப் போனார். போன பிறகு வந்த முதல் ஞாயிறு, அவர் ஆற்றைக் காட்டினார், தோட்டத்தைக் காட்டினார், மலை உச்சியில் விழுந்திருந்த பனியைக் காட்டினார். பஸ் ஸ்டாப் பக்கம் மட்டும் போனைத் திருப்பவே இல்லை. அப்பா, "என்ன மாப்ள, உங்க ஆளுகளக் காணோம்?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"இருக்காக மச்சான். எங்க போகப் போறாக" என்று மாமா மெதுவாகத் திருப்பினார். பெஞ்சில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நடுவில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களைவிட நிறம் கறுப்பு. பெரிய மீசை. கட்டம் போட்ட கைலி.

"புதுசா ஒருத்தரு வந்திருக்காருக்கா" என்றார் மாமா, சிரித்துக்கொண்டே.

அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கைலி, மாமா முதல் தடவை விமானம் ஏறும்போது அவள் வாங்கிக் கொடுத்தது. போனைக் கிட்டே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். எல்லாரும் சாப்பிட்டார்களா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

"அவரு அங்கயே உக்காந்திருக்கட்டும்டா" என்றாள். "நீ கெளம்பி வந்துரு."

மாமா போனைத் தன் பக்கம் திருப்பினார். வாய் லேசாகத் திறந்தபடி, கண்ணை இமைக்காமல், பெஞ்சில் இருந்தவர்களைப் போலவே அசையாமல் இருந்தார். அந்த மலையில் நெட் அடிக்கடி நின்றுபோகும். "கட் ஆயிருச்சும்மா" என்று போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினேன். அவருக்குப் பின்னால் மரங்கள் காற்றில் ஆடிக்கொண்டேதான் இருந்தன. அது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.